காலனி ஸ்டாப்பிங்கும் ஆளுக்கொரு கத்தரியும்

ஆரணியில் உண்மைக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் பட்டுக்கடை பச்சையப்பன்தான். அவர் தன் கைக்காசைப் போட்டு நடத்திய கண் சிகிச்சை முகாமைப் பற்றி ஒரு தினசரியில் செய்தி வந்தது. டாக்டர் பெயர் இருந்தது, கவுன்சிலர் பெயர் இருந்தது, சொட்டு மருந்து விட்டுக்கொண்ட கிழவியின் பெயர்கூட இருந்தது. பச்சையப்பன் பெயர் மட்டும் இல்லை. "இன்னாய்யா பத்திரிகை நடத்தறானுங்க? நாட்ல உண்மை செத்துப்போச்சு" என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே அறிவித்தார். அடுத்த வாரமே இணையத்தில் 'ஆரணி உரைகல்' என்ற பிளாக் பிறந்துவிட்டது. இது நடந்தது 2008இல். மக்கள் செய்தியை மக்களே எழுதுவது, காசு வாங்காமல் எழுதுவது, யாருக்கும் அஞ்சாமல் எழுதுவது என்று கொள்கை வகுத்தார்கள். கடைசிக் கொள்கை பிளாக்கின் தலைப்பில் சிவப்பு எழுத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் அதுவே யாருக்கோ அஞ்சி ஓடுகிற மாதிரிதான் தெரியும்.

ஆசிரியர் குழுவில் நாலு பேர். பச்சையப்பன் முதன்மை ஆசிரியர். ரைஸ் மில் வேலு துணை ஆசிரியர். அவருக்கு எழுத வராது, ஆனால் விலை உயர்ந்த கேமரா செல்போன் வைத்திருந்தார், அதை யாரிடமாவது கொடுத்துத் தன்னைப் போட்டோ எடுக்கச் சொல்வார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்திய விக்னேஷ் தொழில்நுட்ப ஆசிரியர். கூட்டமெல்லாம் அவன் கடையில்தான், கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து நடக்கும். நாலாவது ஆள் சுபத்ரா. தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள். மற்ற மூவருக்கும் தமிழில் டைப் அடிக்கத் தெரியாது. ஆகவே 'கிராமப்புறப் பிரதிநிதி' என்று ஒரு பட்டம் சூட்டி அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். தன்னார்வத் தொண்டு என்று வந்த பிறகு பேசுகிறவர்கள் பேச வேண்டும், அடிக்கிறவர்கள் அடிக்க வேண்டும் அல்லவா!

சுபத்ரா ஒன்றும் அப்பாவி இல்லை, அவளுக்கும் இதில் ஆசை இருந்தது. 'செய்தி: சுபத்ரா, புளியந்தாங்கல்' என்று முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்திக் காட்டினாள். அவர்களும் பாவம், மீதிச் சில்லறை வரும்வரை பார்த்துத்தானே ஆகவேண்டும், பார்த்தார்கள்.

முதல் மாதம் நிஜமாகவே அஞ்சாமல்தான் எழுதினார்கள். குடிநீர்த் தொட்டியைக் கழுவி வருஷமாகிறது என்று ஒரு செய்தி போட்டார்கள். தொட்டி கான்ட்ராக்டர் வேலுவுக்குச் சம்பந்தி முறை. அடுத்த வாரம் சம்பந்தி வீட்டு வளைகாப்புக்கு ஊரையே அழைத்தார்கள், வேலு வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. அதற்கப்புறம் வேலுவின் மனைவி அவருக்குச் சோறு போட்ட விதமே சரியில்லை. பவர்லூம் புடவையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள் என்று இன்னொரு செய்தியை சுபத்ரா கொண்டுவந்தாள். அதைக் கேட்டதும் பச்சையப்பனுக்குப் பிடித்த இருமல் கூட்டம் முடிகிறவரை விடவில்லை. ஆரணி என்ன மெட்ராஸா? நாலு தெரு நடந்தால் எதிரே வருகிறவன் ஒன்று சம்பந்தியாக இருப்பான், இல்லையென்றால் புடவை எடுக்கிறவனாக இருப்பான். யாரைப் பற்றித்தான் எழுதித் தொலைப்பது?

பச்சையப்பன் லேசுப்பட்ட ஆளில்லை. தன் கடையிலிருந்தே ஒரு வழி கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

"தறியிலேர்ந்து பொடவை வந்தா அப்டியே ஷோகேஸ்ல வெச்சிடறமா? மடிக்கறதுக்கு முன்ன நாலு பேர் கைக்குப் போவுது. அவங்கவங்க கண்ணுல பட்ற பிசிறை அவங்கவங்க கத்தரியால வெட்டி உட்டுடறாங்க. ஏன் வெட்னேன்னு யாராவது கேக்கறமா? செய்திக்கும் அதே மாதிரிதான். நாலு பேர் கைக்குப் போவட்டும். ஆளுக்கு ஒரு கத்தரி, ஆளுக்கு ஒரு வெட்டு. காரணம் சொல்லவும் வேணாம், கேக்கவும் வேணாம்."

"சூப்பர்ண்ணே" என்றான் விக்னேஷ். வேலு கை தட்டினார். சுபத்ராவும் தட்டினாள், தட்டாமல் என்ன செய்வாள்? அன்றிலிருந்து 'உரைகல்' செய்திகள் பட்டுப்போல வழவழவென்று வர ஆரம்பித்தன. 'நகரின் ஒரு பகுதியில் ஒரு தெருவிளக்கு சில நாட்களாக எரியவில்லை என்று ஒருவர் தெரிவித்தார்.' எந்தப் பகுதி, எந்த விளக்கு, எவர் என்று கேட்காதீர்கள். அதெல்லாம் பிசிறு.

இப்போது பஸ் விஷயத்துக்கு வருவோம்.

புளியந்தாங்கல் காலனி வாசலில் அழகான ஒரு நிழற்குடை இருக்கிறது. பச்சை பெயின்ட், சிமென்ட் பெஞ்சு, திறந்துவைத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டு, எல்லாம் உண்டு. பஸ் மட்டும் அங்கே நிற்காது. காலையில் எட்டாம் நம்பர் டவுன் பஸ் முதலில் காலனியைத் தாண்டும், அப்புறம் ஊருக்குப் போகும், அங்கிருந்து ஆரணி. காலனியில் நிறுத்தினால் பிள்ளைகள் ஏறி சீட்டில் உட்கார்ந்துவிடும். ஊரில் ஏறுகிறவர்கள் காலனிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க நின்றுகொண்டு வரவேண்டும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஊர்த் தலைவருக்கு மனசு வரவில்லை. கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். காலனிப் பெண்கள் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு ஊர் ஸ்டாப்பிங் வரைக்கும் நடக்க வேண்டும். பாதி வழியில் பஸ் அவர்கள் மேல் புழுதியடித்துவிட்டு முன்னால் போய்விடும், அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்க வேண்டும்.

அப்படி நடந்தவர்களில் ஒருத்தி சுபத்ராவின் தங்கை இளவரசி. ஆரணியில் பிளஸ் டூ படித்தாள். கணக்கில் புலி. வகுப்புக்கு மட்டும் தினமும் லேட். தலைமையாசிரியை சாவித்திரி டீச்சர் கண்டிப்பானவர், ஆனாலும் காலனிப் பெண்களுக்கு பஸ் நிற்பதில்லை என்று தெரிந்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். வீட்டில்தான் பிரச்சினை. அப்பா சுப்பன் கரும்பு வெட்டுகிறவர், வார்த்தையையும் வெட்டித்தான் பேசுவார்.

"நிக்காத பஸ்ஸுக்கு நடந்துகினு இன்னா படிப்பு? செய்யார் ஷூ கம்பெனி பஸ்ஸு வூட்டாண்டயே வந்து நிக்குது. அதுல ஏத்தி வுடறேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. கம்பெனி பஸ் தினமும் காலையில் ஆரணிப் பக்கமிருந்து வந்து, அதே நிழற்குடைக்கு எதிரே நின்று, காலனிப் பெண்களைப் பொறுமையாக ஏற்றிக்கொண்டு செய்யாருக்குப் போகும். செருப்புத் தைக்கப் போகிறவளுக்கு பஸ் நிற்கும், கணக்குப் படிக்கப் போகிறவளுக்கு நிற்காது.

"ஒரு மாசம் பொறுப்பா. நான் பிளாக்ல எழுதறேன், நின்னுடும்" என்றாள் சுபத்ரா.

"இன்னாத்துல எழுதுவே?"

"கம்ப்யூட்டர்லப்பா."

"கம்ப்யூட்டர்ல எழுதினா டிரைவரு படிப்பானா?" என்று கேட்டுவிட்டு சுப்பன் பீடி பற்றவைத்தார். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒரு மாதம் பொறுப்பதாகச் சொன்னார்.

சுபத்ரா ராவும் பகலும் யோசித்து எழுதவில்லை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்து முடித்தாள். 'புளியந்தாங்கல் காலனி ஸ்டாப்பிங்கில் எட்டாம் நம்பர் டவுன் பஸ் நிற்பதே இல்லை. ஊர்த் தலைவர் சொன்னதால்தான் நிறுத்துவதில்லை என்று கண்டக்டரே கூறுகிறார். இதனால் பள்ளி மாணவிகள் தினமும் ஊர் வரைக்கும் நடக்கிறார்கள்.' கூட்டத்தில் வாசித்துக் காட்டினாள். மூன்று பேருக்கும் முகம் சிவந்துவிட்டது.

"அக்கிரமம்!" என்றார் பச்சையப்பன்.

"இது மாதிரி செய்திக்குத்தாம்மா நாம பிளாக்கே ஆரம்பிச்சோம்" என்றார் வேலு.

அப்புறம் கத்தரிகள் வெளியே வந்தன. ஊர்த் தலைவர் வீட்டில் ஆவணியில் இரண்டு கல்யாணம். முகூர்த்தப் பட்டு முழுக்கப் பச்சையப்பன் கடையில்தான். அவர் தலைவர் வருகிற வரியை வெட்டினார். "காலனின்னு போட்டா தேவையில்லாம ஜாதிப் பிரச்சினை ஆயிடும் பாப்பா. நாமெல்லாம் ஒண்ணுதானே?" என்று வேலு பாசத்தோடு புளியந்தாங்கல் காலனியை வெட்டினார். கண்டக்டர் விக்னேஷின் சித்தப்பா. அவன் சுபத்ராவின் முகத்தைப் பார்க்காமல் எட்டாம் நம்பரை வெட்டினான்.

மிச்சம் இருந்தது ரொம்ப மொட்டையாக இருந்ததால் முதன்மை ஆசிரியர் அதற்குக் கொஞ்சம் மெருகும் போட்டார். 'சிந்திப்போம்!' என்ற தலைப்பில் செய்தி வெளியானது. 'பேருந்துகள் நிறுத்தங்களில் நின்று சென்றால் பயணிகளுக்கு நலம். மாணவியர் தினமும் நடப்பது உடலுக்கு நல்லதே எனினும், அளவோடு நடப்பது சிறப்பு.'

அடேயப்பா, வந்த பின்னூட்டங்களை என்ன சொல்ல! துபாயிலிருந்து ஒருவர் 'மீ த பர்ஸ்ட்டு!' என்று ஓடிவந்தார். சிங்கப்பூர்க்காரர் 'நெத்தியடிப் பதிவு' என்றார். கலிபோர்னியாவில் இருக்கும் ஆரணி மாப்பிள்ளை ஒருவர், நடைப்பயிற்சியின் நன்மைகள் பற்றித் தொடராக எழுதும்படி வேண்டிக்கொண்டார். பச்சையப்பன் அதைப் பரிசீலிப்பதாகப் பதில் போடச் சொன்னார். பதிலை அடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சுபத்ராதான். அடிக்கும்போது அவளுக்கு விரலெல்லாம் எரிந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் இளவரசி ஆசையாகக் கேட்டாள். "இன்னாக்கா, போட்டாங்களா?"

"போட்டாங்க. நீ அளவோட நடக்கணுமாம்."

இளவரசிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. அதைப் பார்த்ததும் சுபத்ராவுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது முழுக்க அந்த மூன்று பேர் மேலும் இல்லை. பாதி, அவர்களோடு சேர்ந்து கை தட்டிய தன் மேலேயே.

அடுத்த கூட்டத்துக்குப் பச்சையப்பன் புதுச் சட்டையில் வந்திருந்தார். அவர் கடையின் மூன்றாவது மாடி திறப்புவிழா. அதை மக்கள் செய்தியாக அவரே நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, சுபத்ரா அடித்தாள். அடுத்தது வேலுவின் பிறந்தநாளுக்கு ரைஸ் மில் தொழிலாளர்கள் தன்னிச்சையாகக் கேக் வெட்டிய செய்தி. அதற்கடுத்தது விக்னேஷ் பிரவுசிங் சென்டரின் ஆடிச் சலுகை. எல்லாம் மக்கள் செய்திதான், விளம்பரமில்லை.

அடித்து முடித்து சுபத்ரா நாற்காலியைத் திருப்பினாள். "நாலாவது கை என்து. நான் இன்னும் வெட்டலிங்க."

அதுவரைக்கும் அவள் ஒரு தடவைகூடக் கத்தரியைத் தொட்டதில்லை. அவளுக்கும் ஒரு கத்தரி இருக்கிறது என்பதையே அவர்கள் மறந்துபோயிருந்தார்கள்.

"வெட்டும்மா, வெட்டு. இன்னா பிசிறு இருக்குது?" என்றார் பச்சையப்பன் தாராளமாக.

முதல் செய்தியில் கடையின் பெயரை வெட்டினாள். இரண்டாவதில் வேலுவை வெட்டினாள். மூன்றாவதில் பிரவுசிங் சென்டரை. பிறகு நிதானமாக வாசித்தாள். "'ஆரணியில் ஒரு கடையில் ஒரு மாடி திறக்கப்பட்டது. ஒருவருடைய பிறந்தநாளுக்குச் சிலர் கேக் வெட்டினார்கள். ஓரிடத்தில் ஒரு மணி நேரம் பிரவுசிங் செய்தால் அரை மணி இலவசம்.' போட்டுடலாமாங்க?"



"உனுக்கு இன்னாம்மா கஷ்டம் எங் கடை பேர்ல?" பச்சையப்பன் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காரணம் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

வேலு மிரட்டிப் பார்த்தார், விக்னேஷ் அக்கா அக்கா என்று குழைந்து பார்த்தான். சுபத்ரா மசியவில்லை. வேறு டைப்பிஸ்டைப் பிடிக்கலாம் என்றால் ஓசியில் அடிக்க ஆரணியில் எவள் இருக்கிறாள்? திறப்புவிழாவோ வெள்ளிக்கிழமை. கடைசியில் பச்சையப்பன் தலையில் அடித்துக்கொண்டு, "அந்த பஸ்ஸை முழுசா போட்டுத் தொலைங்கய்யா! கல்யாணப் பொடவைக்கி நான் தலைவர் கால்ல வுழுந்துக்கறேன்" என்றார். ஊர், காலனி, தலைவர், கண்டக்டர், எட்டாம் நம்பர் எல்லாம் ஒன்று குறையாமல் பிளாக்கில் ஏறின. மாடியும் கேக்கும் சலுகையும் பின்னாலேயே ஏறின.

அதிசயம் என்னவென்றால், அதை நிஜமாகவே வேலை செய்கிற ஒருவர் படித்துவிட்டார். ஆரணிக்காரர், சென்னையில் ஏதோ பெரிய ஆபீசில் இருப்பவர். அவர் போனை எடுத்து யாரையோ கேட்க, அந்த யாரோ இன்னொருவரைக் கேட்க, திங்கட்கிழமை காலையில் எட்டாம் நம்பர் பஸ் காலனி நிழற்குடை எதிரே வந்து பதவிசாக நின்றது.

'உரைகல்' குழு பேனரோடு வந்துவிட்டது. பச்சையப்பன் டிரைவருக்கு மாலை போட்டார். வேலு படிக்கட்டில் ஒரு காலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார், பிறகு இன்னொரு காலை வைத்து எடுத்துக்கொண்டார். எந்த ஸ்டாப்பிங்கை இத்தனை நாள் கண்ணாலேயே பார்க்காமல் போனாரோ அதே ஸ்டாப்பிங்கில் விக்னேஷின் சித்தப்பா லட்டு வாங்கிச் சாப்பிட்டார். இளவரசி ஜன்னலோரத்தில் இடம் பிடித்து அக்காவுக்குக் கை காட்டினாள். சுபத்ராவும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்தில் அவளுக்குப் பச்சையப்பனைக்கூடப் பிடித்துப்போனது.

அந்தச் சந்தோஷத்தோடு போய் உட்கார்ந்து, செய்தியை அவளே எழுதினாள். 'உரைகல்லின் மாபெரும் வெற்றி! புளியந்தாங்கல் காலனியில் பேருந்து நின்றது! இனி தினமும் நிற்கும்!' கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே போட்டாள். நாலு பேர் கைக்கும் போன செய்தியில் ஒரு எழுத்துகூட வெட்டுப்படாதது அதுதான் முதல் தடவை. பச்சையப்பன் அதைக் கலர் ஜெராக்ஸ் போட்டு ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம் என்று ஒன்று விடாமல் ஒட்டச் சொன்னார். ஜெராக்ஸ் போட்டதும் சுபத்ராவின் கைதான்.

செவ்வாய்க்கிழமை பஸ் நிற்கவில்லை.

புதன்கிழமையும் நிற்கவில்லை. போட்டோ முடிந்துவிட்டது, லட்டு தீர்ந்துவிட்டது, தலைவர் கண்டக்டரைக் கூப்பிட்டு இரண்டாவது தடவையாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். பெண்கள் மறுபடியும் நடந்தார்கள், மறுபடியும் புழுதி. ஆனால் இந்தத் தடவை பள்ளிக்கூடத்தில் கதை வேறு. லேட்டாகப் போனவர்களை சாவித்திரி டீச்சர் வாசலிலேயே நிறுத்தினார்.

"இத்தனை நாள் பஸ் நிக்கலன்னு உட்டேன். இப்பதான் நிக்குதே. அப்புறம் இன்னா?"

"நிக்கல மிஸ்" என்றாள் இளவரசி.

"பொய் சொல்லாத. நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்குது பார், 'இனி தினமும் நிற்கும்'னு. உங்கக்காவே எழுதியிருக்காளே?"

இளவரசி அன்று முழுக்க வெயிலில் வாசலிலேயே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னபோது அவள் அக்காவைத் திட்டவில்லை. "நீ எழுதாமயே இருந்திருக்கலாம்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கு நாலு அறை அறைந்திருந்தால்கூட சுபத்ராவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சுபத்ரா சாப்பிடாமல்கூட ஓடினாள். கூட்டத்தில் செய்தியை ஒரே வரியில் வைத்தாள். 'புளியந்தாங்கல் பஸ் மறுபடியும் நிற்கவில்லை.'

"அது எப்டிம்மா?" என்றார் பச்சையப்பன். "நின்னுதுன்னும் நாமளே போட்டு, நிக்கலன்னும் நாமளே போட்டா, படிக்கறவன் நம்மள இன்னான்னு நெனைப்பான்? வர்ற ஞாயித்துக்கெழமை வந்தவாசில பஸ்ஸை நிறுத்தினதுக்காக எனக்குப் பொன்னாடை போத்தறாங்க. பத்திரிகை அடிச்சு ஊர் பூரா குடுத்தாச்சு. பொன்னாடை முடியட்டும், பாத்துக்கலாம்."

பேசிக்கொண்டே 'மறுபடியும்' என்பதை வெட்டினார். வேலு 'நிற்கவில்லை'யை வெட்டினார். இரண்டு வெட்டிலேயே செய்தி 'புளியந்தாங்கல் பஸ்' என்று நின்றது. விக்னேஷுக்கு வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, பாவம்.

"அப்ப ஒங்க கடைச் செய்தி வரட்டும், நானும் வெட்றேன்" என்றாள் சுபத்ரா.

அதற்கும் வழி செய்து வைத்திருந்தார்கள். அவள் வராத ஒரு நாளில் கூட்டம் போட்டு, வணிகச் செய்திகளுக்கும் வாழ்த்துச் செய்திகளுக்கும் கத்தரி கிடையாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள். தொட்டி கழுவ வருஷக்கணக்கில் ஆகிற ஊரில் அந்தத் தீர்மானம் நிறைவேற டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை என்று விக்னேஷே பிற்பாடு சொன்னான். சுபத்ரா எழுந்தாள். "நீங்கல்லாம் நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் வயிறெரிந்து சொன்னதை வேலு ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டார்.

சுப்பன் கொடுத்த ஒரு மாதமும் முடிந்துவிட்டது. அவர் பக்கத்து வீட்டு காசியம்மாளிடம் போய், "நாளைக்கி எம்பொண்ணையும் உங்கூட கம்பெனிக்கி இட்டுகினு போம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். காசியம்மாள் ஷூ கம்பெனியில் அது திறந்த நாளிலிருந்தே வேலை செய்கிறவள். அவளும் ஒரு காலத்தில் இதே எட்டாம் நம்பர் பஸ்ஸின் பின்னால் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, பத்தாவதோடு நின்றவள்தான்.

மறுநாள் காலையில் இளவரசி பள்ளிக்கூட யூனிபார்மிலேயே வந்து நிழற்குடையில் நின்றாள். கிழியாத துணி அவளிடம் அது ஒன்றுதான். அம்மா சாப்பாட்டு டப்பாவைப் புத்தகப் பையிலேயே வைத்துக் கொடுத்திருந்தாள். புத்தகத்தை எடுக்கவில்லை, எடுக்க யாருக்கும் கை வரவில்லை. மற்ற பள்ளிக்கூடப் பெண்கள் ஊர் ஸ்டாப்பிங்குக்கு நடக்கக் கிளம்பாமல், அவளை வழியனுப்புகிற மாதிரி சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். சுபத்ரா தங்கையின் பக்கத்தில் நின்றாள். அவளுடைய ரிப்பனைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

கம்பெனி பஸ் வந்தது. ஒரு பக்கம் ஏரிக்கரை, ஒரு பக்கம் கரும்பு, நடுவே ஒரே ஒரு பஸ் போகிற அகலத்துக்குத்தான் ரோடு. பெண்களை ஏற்றிக்கொண்டு, எதிரே வண்டி வந்தால் காலனிச் சந்தில் ஒதுங்கி வழிவிடுவது கம்பெனி டிரைவரின் வழக்கம். காசியம்மாள் முதலாவதாகப் படியில் கால் வைத்தாள். திரும்பி இளவரசியைப் பார்த்தாள். யூனிபார்மைப் பார்த்தாள், பையில் புடைத்துக்கொண்டிருந்த புத்தகங்களைப் பார்த்தாள். தூரத்தில் எட்டாம் நம்பர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருவது கேட்டது.

காசியம்மாள் படியிலிருந்து கீழே இறங்கினாள்.

"அய்யய்யோ, எஞ்செருப்பு வாரு அறுந்துபோச்சு!"

"ஏறும்மா ஜல்தி, வண்டி வருது பார்!" என்றார் கம்பெனி டிரைவர்.

"செருப்பு கம்பெனிக்கி செருப்பில்லாம வரச் சொல்றியா?" என்று ரோட்டிலேயே குந்திக்கொண்டாள். அவள் பின்னால் நின்றவளுக்குத் திடீரென்று டப்பா மூடி கழன்றுகொண்டது. அதற்கும் பின்னால் நின்றவளுக்குத் தலை சுற்றியது. ஒருத்திக்கொருத்தி கண்ஜாடைகூடக் காட்டிக்கொள்ளவில்லை. முன்னால் நகர்ந்தால் ரோட்டில் குந்தியிருக்கிறவள் மேல்தான் ஏற்ற வேண்டும். கம்பெனி பஸ் அடைத்துக்கொண்டு அப்படியே நின்றது. எட்டாம் நம்பர் பஸ் அதன் மூஞ்சிக்கு நேரே, நிழற்குடைக்கு மிகச் சரியாக எதிரே, பிரேக் அடித்து நின்றது.

"இன்னா பேஜாரா போச்சு! எடுய்யா வண்டியை!" டவுன் பஸ் டிரைவர் கத்தினார், கண்டக்டர் விசில் அடித்தார்.

"ஏறுங்கடி!" என்றாள் காசியம்மாள், குந்தியிருந்த இடத்திலிருந்தே.

பள்ளிக்கூடப் பெண்களுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இளவரசி நகராமல் அக்காவைப் பார்த்தாள். சுபத்ரா அவள் முதுகில் கைவைத்து ஒரே தள்ளாகப் படியில் தள்ளினாள். உள்ளே போனதும் இளவரசி காலி சீட்டில் உட்கார்ந்து பஸ் பாஸை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள், யாராவது எழுப்பினால் காட்டுவதற்கு. கடைசிப் பெண்ணும் ஏறிய பிறகுதான் காசியம்மாளின் செருப்பு சரியாயிற்று.

தெருமுனையில் பீடியோடு நின்று இதையெல்லாம் பார்த்த சுப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். திரும்பிக் கரும்புக்கொல்லைக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் வேறொருத்திக்குச் செருப்பு அறுந்தது. அதற்கும் மறுநாள் துப்பட்டா கம்பெனி பஸ் கதவில் மாட்டிக்கொண்டது. தினமும் ஒருத்திக்கு ஏதாவது ஒன்று ஆகிக்கொண்டே இருந்தது, பெண் ஜென்மத்துக்கு உபாதைக்கா பஞ்சம்! ஞாயிற்றுக்கிழமை வந்தவாசியில் பச்சையப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தன் எழுத்தால் இன்றைக்கும் அந்த ஸ்டாப்பிங்கில் பஸ் நின்றுகொண்டிருப்பதாக அவர் மேடையில் பேசினார், கைதட்டல் வந்தது.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, நெருக்கியடித்து ஏறுகிற பெண்களை எண்ணிக்கொண்டே கண்டக்டர் படியிலிருந்து சுபத்ராவை முறைத்தார்.

"இன்னாம்மா, இதையும் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறியா?"

"மாட்டேங்க" என்றாள் சுபத்ரா. "எழுதினா கெட்டுப்போவும்."

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே விசில் அடித்தார்.